வால்தர் நேர்ண்ஸ்ற் (1864 - 1941)
சூடேறினால் மட்டும் மின்னைக் கடத்தும் கோலைக் கண்டறிந்த இரசாயனவியலாளர்



மின்னிரசாயனவியலைக் கற்கும் எவரும் நேர்ண்ஸ்ற் என்ற பெயரைச் சந்திக்காமல் செல்ல முடியாது. ஒரு கலத்தின் மின்னியக்க விசை செறிவுடனும் வெப்பநிலையுடனும் எவ்வாறு மாறுகின்றது என்பதைத் தரும் சமன்பாடு அவருடைய பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆனால் அவர் ஒரு மின்விளக்கையும் உருவாக்கினார் என்பதும், அந்த விளக்கின் கோல் செய்யப்பட்ட பொருளே இன்று திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலத்தின் நடுப்பகுதியாக விளங்குகின்றது என்பதும் பலர் அறியாதவை. அந்தப் பொருளுக்கு ஒரு பிடிவாதக் குணம் உண்டு. குளிர்ந்த நிலையில் அது மின்னைக் கடத்தாது; மிகவும் சூடேறிய பின்னரே கடத்தும். இந்த ஒரே குணம் நேர்ண்ஸ்ற்றின் விளக்கைச் சந்தையிலிருந்து அகற்றியது. எரிபொருட் கலத்தை மலிவாகவும் நீண்டகாலம் உழைக்கக் கூடியதாகவும் ஆக்க முயல்வோருக்கு இன்றும் தடையாக நிற்பது இதுவே. இவ்விரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு அவரது வாழ்க்கை வரலாற்றை வாசியுங்கள்.

1. இளமையும் கல்வியும்

வால்தர் நேர்ண்ஸ்ற் 1864ஆம் ஆண்டு யூன் மாதம் 25ஆம் திகதி மேற்குப் பிரசியாவிலுள்ள பிறீசன் என்னும் சிறு நகரில் பிறந்தார். அவ்விடம் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் ஒரு நீதிபதி. கிறவுடென்ஸ் நகரில் பாடசாலைக் கல்வியை முடித்த நேர்ண்ஸ்ற், சூரிச், பேர்லின், கிறாஸ், வூர்ஸ்பேர்க் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் பௌதிகவியலும் கணிதமும் கற்றார்.

ஒஸ்திரியாவின் கிறாஸ் நகரில் போல்ற்ஸ்மன் என்னும் பேரறிஞர் அப்போது கற்பித்துக்கொண்டிருந்தார். அங்கே எற்றிங்ஸ்ஹவுசன் என்பவருடன் சேர்ந்து, காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட உலோகத்தினூடாக வெப்பம் பாயும்போது மின்னழுத்தம் தோன்றுவதை 1886இல் கண்டறிந்தார். வெப்பமும் மின்னும் ஒன்றுடனொன்று தொடர்புறும் இடங்களே வாழ்நாள் முழுவதும் அவரைக் கவர்ந்தன. 1887இல் வூர்ஸ்பேர்க்கில் கோல்றவுஷ் என்பவரின் வழிகாட்டலில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

2. லைப்சிக் நகரில் பிறந்த சமன்பாடு

அதே ஆண்டில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஒஸ்வால்ட் என்னும் பேராசிரியரின் உதவியாளராகச் சேர்ந்தார். பௌதிக இரசாயனவியல் தனித்துறையாக உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. உப்புகள் நீரில் கரையும்போது அயன்களாகப் பிரிகின்றன என்ற அரீனியசின் கொள்கையைப் பலர் இன்னும் ஏற்கவில்லை. நேர்ண்ஸ்ற் அதை ஏற்று ஒரு படி முன்னே சென்றார்.

ஓர் உலோகத் துண்டை அதன் உப்புக் கரைசலில் வைத்தால் உலோகத்திலிருந்து அயன்கள் கரைசலுக்குச் செல்ல முற்படும். கரைசலிலுள்ள அயன்கள் உலோகத்தில் படிய முற்படும். இவ்விரு போக்குகளும் சமநிலையை அடையும்போது தோன்றும் மின்னழுத்தத்தை அயன் செறிவிலிருந்து கணிக்கலாம் என்று அவர் 1889இல் காட்டினார். அப்போது அவருக்கு வயது 25. இதுவே நேர்ண்ஸ்ற் சமன்பாட்டின் தொடக்கமாகும்.

சமன்பாட்டின் உட்பொருளை நீங்கள் இவ்வாறு நினைவில் வைத்திருக்கலாம்:

- கலத்தின் மின்னியக்க விசை, நியம மின்னியக்க விசையிலிருந்து செறிவு விகிதத்தின் மடக்கைக்கு விகிதசமமான அளவால் வேறுபடும்.
- இந்த வேறுபாடு தனிவெப்பநிலைக்கு நேர்விகிதசமமானது. பரிமாறப்படும் இலத்திரன்களின் எண்ணிக்கைக்கு நேர்மாறு விகிதசமமானது.
- ஓர் இலத்திரன் மட்டும் பரிமாறப்படும் தாக்கத்தில், 25 பாகை செல்சியசில், செறிவு விகிதம் பத்து மடங்கு மாறினால் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.059 வோல்ற்று மாறும்.

வாயுக்களுக்கும் இச்சமன்பாடு பொருந்தும். அங்கே செறிவுக்குப் பதிலாகப் பகுதி அமுக்கத்தைப் பயன்படுத்துவோம். எரிபொருட் கலம் பற்றிய பகுதியில் இது மீண்டும் தேவைப்படும்.

3. கோட்டிங்கனில் ஒளிர்ந்த கோல்

1890இல் நேர்ண்ஸ்ற் கோட்டிங்கன் நகருக்குச் சென்றார். 1892இல் எம்மா லோமாயர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தனர். 1893இல் வெளிவந்த அவரது கோட்பாட்டு இரசாயனவியல் பாடநூல் பல பதிப்புகளைக் கண்டது. மியூனிக் பல்கலைக்கழகம் அவரை அழைத்தபோது, அவரை இழக்க விரும்பாத பிரசிய அரசு கோட்டிங்கனிலேயே பேராசிரியர் பதவியையும் புதிய ஆய்வுநிலையம் ஒன்றையும் வழங்கியது.

அக்காலத்து மின்குமிழ்களில் காபன் இழையே இருந்தது. வளியில் அது எரிந்துவிடும். ஆகவே குமிழிலிருந்து வளியை அகற்ற வேண்டியிருந்தது. ஒளியும் மஞ்சளாக மங்கியிருந்தது. நேர்ண்ஸ்ற் வேறு வழியில் சிந்தித்தார். ஏற்கெனவே ஒட்சியேற்றமடைந்த ஒரு பொருள் வளியில் மேலும் எரியாது அல்லவா? எனவே ஒட்சைட்டுகளை ஆராய்ந்தார். தூய ஒட்சைட்டுகளைவிடக் கலப்பு ஒட்சைட்டுகள் உயர் வெப்பநிலையில் மிக நன்றாக மின்னைக் கடத்தியதைக் கண்டார். இவற்றுள் சிறந்து விளங்கியது சேர்க்கோனியம் ஒட்சைட்டுடன் சிறிதளவு இற்றியம் ஒட்சைட்டு சேர்ந்த கலவையாகும். நூற்றுக்கு 85 பங்கு முன்னையதும் 15 பங்கு பின்னையதும் கொண்ட கலவை பின்னர் நேர்ண்ஸ்ற் திணிவு என்றே அழைக்கப்பட்டது.

1897இல் இக்கலவையால் செய்த சிறு கோலைக் கொண்டு அவர் விளக்கை உருவாக்கினார். கோல் திறந்த வளியிலேயே வெண்ணிறமாக ஒளிர்ந்தது. வெற்றிடம் தேவைப்படவில்லை. அதே மின்வலுவில் காபன் இழைக் குமிழைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஒளியைத் தந்தது. அதன் ஆக்கவுரிமையை ஜேர்மனியின் ஏ.ஈ.ஜீ. நிறுவனம் வாங்கியது. பத்து இலட்சம் மார்க் என்று சொல்லப்படும் அத்தொகை நேர்ண்ஸ்ற்றைச் செல்வந்தராக்கியது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அந்நிறுவனத்தின் மண்டபம் இவ்விளக்குகளால் ஒளியூட்டப்பட்டது. அமெரிக்காவில் வெஸ்ரிங்ஹவுஸ் இதன் உரிமையைப் பெற்றுப் பிற்ஸ்பேர்க் நகரில் உற்பத்தியைத் தொடங்கினார்.

4. விளக்கு ஏன் தோற்றது?

இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். இக்கட்டுரையின் மையக்கருத்து இங்கேயே உள்ளது.

குளிர்ந்த கோல் ஒரு காவலி. ஆளியை அழுத்தினால் விளக்கு உடனே எரியாது. முதலில் தீக்குச்சியாலோ மதுசார விளக்காலோ கோலைச் சூடாக்க வேண்டியிருந்தது. பின்னர் கோலின் அருகே பிளாற்றினக் கம்பிச் சுருள் ஒன்றை அமைத்து அதன் மூலம் தானாகச் சூடேற்றினர். இதனால் விளக்கின் விலை கூடியது, அமைப்பும் சிக்கலானது.

மற்றொரு பிரச்சினையும் இருந்தது. உலோகக் கம்பி சூடேறும்போது அதன் தடை கூடும். இக்கோலிலோ சூடேறச் சூடேறத் தடை குறைந்தது. தடை குறைய மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூட மேலும் சூடேறும். இவ்வாறே விட்டால் கோல் அழிந்துவிடும். இதைத் தடுக்கக் கோலுடன் தொடராக இரும்புக் கம்பித் தடை ஒன்றை இணைத்தனர். இரும்பின் தடை வெப்பத்துடன் கூடுவதால் ஒன்றின் போக்கை மற்றையது சமப்படுத்தியது.

இத்தனை துணையுறுப்புகளுடன் இருந்த விளக்கு, தங்குதன் இழைக் குமிழ் வந்தபோது போட்டியிட முடியாமல் 1910ஆம் ஆண்டளவில் பின்தள்ளப்பட்டது. ஒரு சுவையான செய்தி: நேர்ண்ஸ்ற்றிடம் 1906இல் கலாநிதிப் பட்டம் பெற்ற இர்விங் லாங்மியூர் என்ற அமெரிக்க மாணவரே, பின்னர் தங்குதன் குமிழினுள் சடத்துவ வாயுவை நிரப்பி அதனை மேலும் சிறப்பாக்கினார். நேர்ண்ஸ்ற்றின் கோல் முற்றாக மறையவில்லை. செங்கீழ்க் கதிர்களை ஆராயும் கருவிகளில் கதிர் முதலாகப் பல பத்தாண்டுகள் பயன்பட்டது.

5. பேர்லினில் வெப்பத் தேற்றம்

1905இல் நேர்ண்ஸ்ற் பேர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவ்வாண்டின் இறுதியில் தமது வெப்பத் தேற்றத்தை முன்வைத்தார். வெப்பநிலை தனிப்பூச்சியத்தை அணுகும்போது ஒரு தாக்கத்தின் எந்திரப்பி மாற்றமும் பூச்சியத்தை அணுகும் என்பதே அதன் சாரம். இது பின்னர் வெப்பவியக்கவியலின் மூன்றாம் விதி எனப்பட்டது.

இதன் பயன் யாது? வெப்ப அளவீடுகளை மட்டும் கொண்டு ஒரு தாக்கத்தின் சமநிலையையும், அதிலிருந்து பெறக்கூடிய உச்ச வேலையையும் கணிக்க இத்தேற்றம் வழி செய்தது. ஒரு கிலோகிராம் எரிபொருளிலிருந்து கோட்பாட்டளவில் எவ்வளவு மின்சக்தியைப் பெறலாம் என்ற வினாவுக்கும் இதே வழியில் விடை காணலாம். இப்பணிக்காகவே 1920ஆம் ஆண்டுக்குரிய இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசை அவர் 1921இல் பெற்றுக்கொண்டார்.

விஞ்ஞானிகளை ஒன்றுசேர்ப்பதிலும் அவர் வல்லவர். 1911இல் பிரசெல்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது சொல்வே மாநாட்டுக்கு முன்னின்று உழைத்தார். 1913இல் பிளாங்குடன் சூரிச்சுக்குச் சென்று ஐன்ஸ்ரைனைப் பேர்லினுக்கு அழைத்தார். மோட்டார் வாகனம் ஓட்டுவதில் அவருக்குப் பெருவிருப்பு இருந்தது. தமது பண்ணையில் கெண்டை மீன் வளர்த்தார். ஏன் மீன் என்று கேட்டோருக்கு, வெப்பக்குருதி விலங்குகளை வளர்த்தால் தம் பணத்தில் பிரபஞ்சத்தையே சூடாக்க வேண்டிவரும் என்று வேடிக்கையாகக் கூறுவாராம். வெப்ப இழப்பை அவர் எப்போதும் கணக்குப் பார்த்தார் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

6. போரும் இழப்பும்

1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கியபோது, ஐம்பது வயதிலும் வாகனச் சாரதியாகப் படைக்குத் தொண்டாற்றச் சென்றார். பின்னர் எறிகணைகளில் உறுத்தும் இரசாயனப் பொருள்களை இடும் ஆய்வுகளிலும் பங்கு கொண்டார். அவரது வாழ்க்கையில் கண்டனத்துக்குள்ளான பகுதி இது. போர் அவருடைய இரு மகன்களையும் பறித்துக்கொண்டது.

1922 முதல் 1924 வரை ஜேர்மனியின் தேசிய அளவியல் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். அதன் பின் பேர்லின் பல்கலைக்கழகப் பௌதிகவியல் நிறுவனத்தை நடத்தினார். 1930இல் மின்பியானோ ஒன்றின் உருவாக்கத்திலும் ஈடுபட்டார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டிலேயே ஓய்வு பெற்றார். நாசிகளின் கொள்கைகளை அவர் ஏற்கவில்லை. அவருடைய மகள்மாருள் இருவர் யூதர்களை மணந்திருந்தமையால் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தமது சிபெல்லே பண்ணையில் தனிமையில் வாழ்ந்த நேர்ண்ஸ்ற் 1941 நவம்பர் 18ஆம் திகதி காலமானார். அவரது அஸ்தி பின்னர் கோட்டிங்கனில் அடக்கம் செய்யப்பட்டது.

7. கோலிலிருந்து எரிபொருட் கலத்துக்கு

எரிபொருளை எரித்து, நீராவியாக்கி, சுழலியைச் சுழற்றி மின் பெறுவதில் சக்தியின் பெரும்பங்கு வெப்பமாக வீணாகின்றது. எரிபொருளின் இரசாயனச் சக்தியை நேரடியாக மின்னாக மாற்றினால் இந்த வீண் குறையும். 1839இல் பிரித்தானியரான குறோவ், ஐதரசனையும் ஒட்சிசனையும் கொண்டு அத்தகைய கலம் ஒன்றை அமைத்துக் காட்டினார். நேர்ண்ஸ்ற்றின் ஆசிரியரான ஒஸ்வால்ட், எதிர்காலத்தில் நீராவி இயந்திரங்களின் இடத்தை இத்தகைய கலங்களே பிடிக்க வேண்டும் என்று 1894இல் வலியுறுத்தினார். ஆயினும் திரவ மின்பகுபொருள்கள் ஆவியாதல், கசிதல், அரித்தல் என்று பல தொல்லைகளைத் தந்தன.

நேர்ண்ஸ்ற் இன்னும் உயிருடன் இருந்த காலத்தில், 1937இல், சூரிச்சில் பவர், பிறைஸ் ஆகிய இருவரும் விளக்குக்கோலின் அதே கலவையைத் திண்ம மின்பகுபொருளாகக் கொண்டு ஏறத்தாழ 1000 பாகை செல்சியசில் இயங்கிய கலத்தை வெளியிட்டனர். இதுவே முதலாவது திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலமாகக் கருதப்படுகின்றது. கடத்தல் நிகழும் விதத்தை வாக்னர் என்பவர் 1943இல் விளக்கினார். நான்கு நேரேற்றம் கொண்ட சேர்க்கோனியம் அயனின் இடத்தில் மூன்று நேரேற்றம் கொண்ட இற்றியம் அயன் அமரும்போது, மின்னேற்றத்தைச் சமப்படுத்தப் பளிங்குச் சாலகத்தில் சில ஒட்சைட்டு அயன்களின் இடங்கள் வெற்றாகின்றன. அருகிலுள்ள ஒட்சைட்டு அயன் அவ்வெற்றிடத்துக்குத் தாவும். அது விட்ட இடத்துக்கு இன்னோர் அயன் தாவும். இவ்வாறு தாவுவதற்குச் சக்தி வேண்டும். அச்சக்தியை வெப்பமே தருகின்றது. கோல் குளிரில் கடத்தாததற்குக் காரணம் இப்போது உங்களுக்குப் புலப்படும்.

கலத்தில் நிகழ்வன வருமாறு:

- கதோட்டில் வளியின் ஒட்சிசன் இலத்திரன்களை ஏற்று ஒட்சைட்டு அயனாகத் தாழ்த்தப்படும்.
- ஒட்சைட்டு அயன் திண்ம மின்பகுபொருளினூடாக அனோட்டை அடையும்.
- அனோட்டில் ஐதரசன் ஒட்சைட்டு அயனுடன் சேர்ந்து நீராவியாகும்; இலத்திரன்கள் விடுவிக்கப்படும்.
- இலத்திரன்கள் வெளிச்சுற்றினூடாகக் கதோட்டுக்குத் திரும்பும். இதுவே நாம் பெறும் மின்னோட்டம்.

கலம் தரக்கூடிய உச்ச மின்னழுத்தத்தைக் கணிக்க உதவுவது நேர்ண்ஸ்ற் சமன்பாடே. அவருடைய சமன்பாடும் அவருடைய பொருளும் ஒரே கருவியில் சந்திப்பதைக் கவனியுங்கள். 1976 முதல் மோட்டார் வாகனங்களின் வெளியேற்றக் குழாயில் பொருத்தப்பட்டுவரும் ஒட்சிசன் உணரியிலும் இவ்விரண்டும் சேர்ந்தே பயன்படுகின்றன.

8. வெப்பநிலையைக் குறைக்க ஏன் முயல்கின்றனர்?

நேர்ண்ஸ்ற் விளக்கை உற்பத்தி செய்த அதே பிற்ஸ்பேர்க் நகரில், வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் இந்தக் கலங்களை ஆராயத் தொடங்கியது. அதன் வழிவந்த 100 கிலோவாற்று நிலையம் ஒன்று 1990களின் இறுதியில் நெதர்லாந்தில் 16,000 மணித்தியாலங்களுக்கு மேல் இயங்கியது. ஆகவே கலம் வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில், பல ஆண்டுகள் பழுதின்றி அது உழைக்குமா என்பதே வினா. இங்கே பெருந்தடையாக இருப்பது வெப்பமே.

1000 பாகை செல்சியசில் கலங்களை ஒன்றோடொன்று இணைக்க மலிவான உருக்கைப் பயன்படுத்த முடியாது. விலை கூடிய பீங்கான் வகைகள் தேவை. அனோட்டிலுள்ள நிக்கல் துணிக்கைகள் ஒன்றுசேர்ந்து பருத்து, தாக்கம் நிகழும் பரப்பைக் குறைக்கும். சூடேறிக் குளிரும் ஒவ்வொரு முறையும் வேறுபட்ட படைகள் வேறுபட்ட அளவில் விரிந்து சுருங்குவதால் வெடிப்புகள் தோன்றும். கலத்தை இயக்கத் தொடங்கவும் நீண்ட நேரம் எடுக்கும். தீக்குச்சிக்குக் காத்திருந்த விளக்கின் அதே பிரச்சினை இது.

வெப்பநிலையைக் குறைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. நீர் ஆவியாக வெளியேறும் ஐதரசன் கலத்தின் நியம மின்னியக்க விசை 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 1.18 வோல்ற்று, 727 பாகையிலோ ஏறத்தாழ 1.00 வோல்ற்று மட்டுமே. ஆகவே கோட்பாட்டளவில் குறைந்த வெப்பநிலையே சிறந்தது. ஆனால் குறைந்த வெப்பநிலையில் அயன்கள் தாவ மறுக்கும். மின்வாய்த் தாக்கங்களும் மந்தமாகும். இம்முரண்பாட்டைத் தீர்க்க மூன்று வழிகள் முக்கியமானவை.

(அ) படையை மெல்லியதாக்குதல்: முன்பு 100 மைக்கிரோமீற்றருக்கும் மேல் தடித்திருந்த மின்பகுபொருளை 10 மைக்கிரோமீற்றர் அளவுக்கு மெல்லியதாக்கி, தாங்கும் பணியை அனோட்டிடம் விடுதல். அயன் கடக்கும் தூரம் குறைவதால் தடை குறையும்.

(ஆ) பொருளை மாற்றுதல்: கடோலினியம் சேர்த்த சீரியம் ஒட்சைட்டு 500 முதல் 600 பாகை செல்சியசிலேயே ஒட்சைட்டு அயன்களை நன்கு கடத்தும். எனினும் எரிபொருள் பக்கத்தில் அது ஓரளவு இலத்திரன்களையும் கடத்துவதால் மின்னழுத்தம் சிறிது இழக்கப்படும்.

(இ) கடக்கும் அயனை மாற்றுதல்: ஒட்சைட்டு அயனுக்குப் பதிலாகச் சிறிய புரோத்தனைக் கடத்தும் ஒட்சைட்டுகளைப் பயன்படுத்துதல்.

வெப்பநிலை 800 பாகைக்குக் கீழே வந்தால் குரோமியம் கொண்ட துருப்பிடியா உருக்கைப் பயன்படுத்தலாம். அப்போது விலை குறையும். ஆயினும் உருக்கிலிருந்து வெளிவரும் குரோமிய ஆவி கதோட்டில் படிந்து அதனை நலிவடையச் செய்வதால், உருக்கின் மேல் காப்புப் பூச்சு இட வேண்டும். ஒரு குறையைத் தீர்க்கும்போது மற்றொரு குறை தலைகாட்டுகின்றது. ஆய்வு இவ்வாறே படிப்படியாக முன்னேறுகின்றது.

நேர்ண்ஸ்ற் தம் கோலைச் சூடாக்க ஒரு கம்பிச் சுருளைச் சேர்த்தார். அது குறைக்குப் போட்ட கட்டு. இன்றைய ஆய்வாளர்கள் பொருளின் உள்ளமைப்பையே மாற்றி அந்தக் குறையை வேரிலேயே தீர்க்க முயல்கின்றனர். சந்தையில் தோற்ற ஒரு கண்டுபிடிப்பு அறிவியலில் தோற்றதாகாது என்பதை அவருடைய விளக்கின் வரலாறு உங்களுக்கு உணர்த்தும்.

நினைவில் வைத்திருக்க வேண்டியவை

1864 - பிறப்பு
1889 - மின்னழுத்தத்துக்கும் அயன் செறிவுக்கும் உள்ள தொடர்பு
1897 - நேர்ண்ஸ்ற் விளக்கு
1905 - வெப்பத் தேற்றம்
1920 - இரசாயனவியல் நோபல் பரிசு
1937 - முதலாவது திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலம் (பவர், பிறைஸ்)
1941 - மறைவு

பயிற்சி வினாக்கள்

1. நேர்ண்ஸ்ற் விளக்கின் கோலுக்கு வெற்றிடம் தேவைப்படாதது ஏன்?
2. கோலுடன் தொடராக இரும்புக் கம்பி இணைக்கப்பட்டமைக்குக் காரணம் தருக.
3. சேர்க்கோனியம் ஒட்சைட்டுடன் இற்றியம் ஒட்சைட்டைச் சேர்ப்பதால் அயன் கடத்தல் கூடுவதை விளக்குக.
4. திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலத்தின் இயங்கு வெப்பநிலையைக் குறைப்பதால் ஏற்படும் நன்மைகள் இரண்டையும் இடர்ப்பாடு ஒன்றையும் எழுதுக.

விடைக்குறிப்புகள்

1. கோல் ஏற்கெனவே ஒட்சைட்டாக இருப்பதால் வளியில் மேலும் ஒட்சியேற்றமடையாது.
2. சூடேறும்போது கோலின் தடை குறையும், இரும்பின் தடை கூடும்; இதனால் மின்னோட்டம் கட்டுப்படுத்தப்படும்.
3. அயன் ஏற்றங்களின் வேறுபாட்டால் சாலகத்தில் ஒட்சைட்டு அயன் வெற்றிடங்கள் தோன்றும். அயன்கள் அவற்றினூடாகத் தாவிச் செல்லும்.
4. நன்மைகள்: மலிவான உருக்கைப் பயன்படுத்தலாம், கலத்தின் ஆயுட்காலம் கூடும். இடர்ப்பாடு: அயன் கடத்தலும் மின்வாய்த் தாக்கங்களும் மந்தமாகும்.